இனிதே நடைபெற்றது

அச்சகம் செவ்வாய்ப்பேட்டையில்.
இருபதாம் தேதிக்குள் மேட்டர் போகாவிட்டால்
கல்யாணப் பத்திரிகைகள் முந்திக்கொள்ளும்,
மெஷின் கிடைக்காது.
அதனால்
இருபத்தேழில் நடக்கப்போகும் விழாவை
பத்தொன்பதிலேயே
'இனிதே நடைபெற்றது' என்று தட்டிவிடுவேன்.

ஆறு வருடமாக இதுதான் வேலை.
தற்காலிகக் கணினி இயக்குநர், தினக்கூலி.
பல்கலைக்கழகச் செய்திமடல், பன்னிரண்டு பக்கம்.
முன்னால் நடந்தவை,
கடைசிப் பக்கத்தில் நடக்கவிருப்பவை,
நடுவில் துணைவேந்தர் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் படம்.
ஆள் மாறும், கன்று மாறும்,
குழி அதே குழி.

'றும்' என்பதற்கும் 'ற்றது' என்பதற்கும் இடையில்
என்னென்ன விழுந்துபோகும் என்று எனக்குத் தெரியும்.
ரத்ததான முகாமுக்கு வேன் வந்தது, டாக்டர் வரவில்லை.
கபடி இறுதிப்போட்டியன்று
கருப்பூர்ப் பக்கமிருந்து வந்த மழையில்
கோடு போட்ட சுண்ணாம்பு வாய்க்காலோடு போனது.
மடலில் ஆட்டம் விறுவிறுப்பாக இருந்தது.

யாரும் கேட்டதில்லை.
படித்தால்தானே கேட்க?
படித்தவள் ஒருத்தி. கோகிலவாணி,
தாவரவியல் ஆய்வாளர், ஜலகண்டாபுரத்துப் பெண்.
சேர்வராயன் மலைப் பாறைகளில் படரும் கல்பாசியோடு
ஏழு வருடம்.
வாய்மொழித் தேர்வு மூன்று முறை தள்ளிப்போனது.
முதல்முறை நெறியாளருக்குக் கண்புரை,
அடுத்தது தேர்வாளரின் ரயில் ஜோலார்பேட்டையோடு நின்றது,
மூன்றாவதற்குக் காரணமே சொல்லவில்லை.
மூன்று முறையும் கடைசிப் பக்கத்தில்
அவள் பெயரைப் போட்டது நான்தான்.

போன மாதம் பதினெட்டாம் தேதி,
ஓமலூர் பஸ்ஸை விட்டுவிட்டு
என் மேசை முன்னால் வந்து நின்றாள்.
"அக்கா, இந்தத் தடவை
முன்பக்கத்துல போட்டுடுங்க.
நடந்ததுன்னு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"வருஷத்துக்கு மூணு மில்லிமீட்டர் வளருதுக்கா அது.
அளந்திருக்கேன்.
என் ஃபைல் அவ்வளவுகூட நகரல."
பையின் ஜிப்பில் சாம்பல்பச்சையாக
ஏதோ ஒட்டியிருந்தது.

தட்டினேன்:
'வாய்மொழித் தேர்வு இருபத்தாறாம் தேதி காலை
கருத்தரங்கக் கூடத்தில் இனிதே நடைபெற்றது.
திரளானோர் கலந்துகொண்டனர்.'
கடைசி வரி பழக்கதோஷம்.
விரலாகவே அடித்தது.

இருபத்தாறு காலை மடல் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது.
மலை முழுக்க மேகம், இருக்கிறதா என்றே தெரியவில்லை.
பத்து ஐம்பதுக்குக் கூடத்தை எட்டிப்பார்த்தேன்:
நெறியாளர், தேர்வாளர் (வந்துவிட்டார்!),
கோகிலவாணி,
அறுபது நாற்காலி.

என்ன வந்ததோ எனக்கு.
கட்டணம் கட்ட வெயிலில் நின்ற பிள்ளைகளிடம்
"கவுன்ட்டர் பன்னிரண்டுக்குத்தான், உள்ளே ஃபேன் இருக்கு" என்றேன்.
காவலாளி எட்டியப்பனை இழுத்துவந்தேன்,
பஸ் டிரைவர் அந்தோணிசாமியை,
பெருக்கிக்கொண்டிருந்த இருவரை
விளக்குமாற்றோடு.
கேன்டீன் மாஸ்டர் அங்கப்பன்
போண்டா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.
நாற்பத்து மூன்று பேர்.
திரள் என்றால் எத்தனை என்று
அகராதியில் இல்லை.

படம் படமாக ஓடியது. யாருக்கும் புரியவில்லை.
தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டார், ஆங்கிலத்தில்.
'பார்வையாளர் கேட்கலாம்' என்றதும்
அங்கப்பன் எழுந்தார்:
"ஏம்மா, கடைல வாங்குற கல்பாசி குருமாவுல மணக்குது.
நம்ம மலைப்பாசியை மோந்து பாத்தா ஒண்ணுமில்லையே?"

திரையைப் பார்க்காமல் முதல்முறையாகப் பேசினாள்.
"எல்லாப் பாசியும் அப்படித்தாண்ணா.
சூடான எண்ணெயில விழணும்.
அதுவரைக்கும் வெறும் கல்லு வாசம்தான்."
தேர்வாளர் பேனாவை எடுத்து
எதையோ எழுதிக்கொண்டார்.

மதியம் ஒரு மடலோடு வந்தாள், டாக்டர்.
முன்பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினாள்.
அவசரத்தில் 'வாணி'யை 'வானி' ஆக்கியிருக்கிறேன்.

அடுத்த இதழுக்கு இப்போதே அடித்துவைத்துவிட்டேன்:
'திருத்தம். பெயர், கோகிலவாணி.
மற்றபடி அச்செய்தியில் பிழையில்லை.'